பங்கில் போன கம்ப்யூட்டர்

நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு மஜீதும் அவர் தம்பி நசீமும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மூத்தவன் சாமான்களை இரண்டு பங்காக வைக்க வேண்டும். இளையவன் முதலில் எடுக்க வேண்டும். தம்பி எதை எடுப்பானோ என்ற பயத்தில் அண்ணன் இரண்டையும் சமமாக வைத்தே தீருவான். பள்ளிவாசல் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நல்ல முறைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கம்ப்யூட்டரோடு சேர்ந்து ஓடுகிற எம்பிராய்டரி மெஷின் என்று ஒன்று உலகத்துக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் ஏற்பட்ட முறை அது.

மஜீது ஒரு பக்கம் எம்பிராய்டரி மெஷினை வைத்தார். திருப்பூரில் ஒரு கம்பெனி கழித்துப் போட்டதை வாங்கி வந்தது. கட்டில் அகலத்துக்கு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் தையல் மெஷின்கள், வெட்டு மேஜை, ஸ்கூட்டர், நூல்பெட்டிகள். அதோடு, எம்பிராய்டரி மெஷினை ஓட்டிவந்த பழைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாமான் என்பது அவர் நினைப்பு. நசீம் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கம்ப்யூட்டர் இருந்த பங்கைத் தொட்டான்.

மஜீதின் மனைவி கைருன்னிசா அன்றைக்கு வந்தவர்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்துக்கொண்டிருந்தாள். நசீம் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவள் கண்ணில் பட்டது. ஏன் நின்றான் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு நீளமான கார்டு இருக்கிறது. மெஷினுக்குப் போகிற கேபிள் அதிலிருந்துதான் புறப்படுகிறது. அந்தக் கார்டைச் செருகுகிற கறுப்பு ஸ்லாட் இப்போது வருகிற கம்ப்யூட்டர் எதிலும் கிடையாது. மஜீது புதிதாக ஒன்றை வாங்கி வந்து, அது ஆகாது என்று தெரிந்து, கோயம்புத்தூரில் பழைய சாமான் விற்கிற சந்தெல்லாம் அலைந்து, வெறுங்கையோடு திரும்பினார். வந்தவர் மெஷினை ஒரு போர்வையால் மூடிவிட்டார். மூடியது மூடியதுதான்; பள்ளிக்கூடம் திறக்கிற காலமும் வந்துவிட்டது.

தம்பியிடம் கேட்டால் என்ன என்று கைருன்னிசா ஒருமுறை வாயைத் திறந்தாள். எடுத்தவன் அவன், அவனாக வரட்டும் என்றார். அவன் எப்படி வருவான்? பங்கு பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் நோன்பு திறக்கிற நேரத்தில், மெஷினைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகலாம் என்று அவன் சொன்னதற்கு, நான் இல்லாவிட்டால் நீ யார் என்று அவன் மனைவி ஷமீனாவுக்கு முன்னாலேயே கேட்டார் மஜீது. அண்ணன் தன் வாயால் கூப்பிட்டாலொழிய இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று நசீம் சொல்லிவிட்டுப் போனான். போனான் என்றால் எங்கே? கொல்லைப்புறத்தில் பூசாத செங்கல் சுவர் ஒன்று புதிதாக எழும்பியது. அதற்கு அந்தப் பக்கம் அவன் வீடு. அவன் தும்மினால் இங்கே கேட்கும்.

நஞ்சப்பன் கவுண்டர் கடைத்தெருவில் யூனிபார்ம் துணி விற்கிறவர். பள்ளிக்கூடச் சட்டைப் பைகளில் பேட்ஜ் போடுகிற வேலையை வருஷா வருஷம் மஜீதுக்குத்தான் கொடுப்பார். சனிக்கிழமை காலையில் வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் வாசலிலேயே நின்றார்.

"ராவுத்தரே, பொழுது சாயறதுக்குள்ள மெஷின் சத்தம் கேக்கோணும். கேக்காட்டி நானு வேலையப் பொள்ளாச்சிக்கு விட்டுர்றனுங்க. கோவிச்சுக்காதீங்க, புள்ளைங்க பேட்ஜ் இல்லாம பள்ளிக்கூடம் போனா வாத்தியாருங்க என்னயத்தான் புடிப்பாங்க."

அவர் போன பிறகு மஜீது சுவரைப் பார்த்துச் சொன்னார். மெஷின் ஓடவில்லை என்றால் வீட்டில் பெண்பிள்ளைக்கு வேலை இல்லை. திங்கட்கிழமை பக்கத்து ஊரான வடகரப்பதிக்கு ஆள் எடுக்கத் திருப்பூர் கம்பெனி வேன் வருகிறது. கூடப் படித்த ஆனந்தி போகிறாள், அவளோடு அன்சிலாவும் போகட்டும். கம்ப்யூட்டரில் டிசைன் போடத் தெரிந்த பிள்ளை என்றால் கம்பெனிக்காரன் கையைப் பிடித்துக் கூட்டிப் போவான்.

அன்சிலா அவர்களுடைய ஒரே மகள். மெஷினுக்கு டிசைன் உண்டாக்குவதைப் பஞ்சிங் என்பார்கள். ஒரு பூவை எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் நூலை ஓட்டினால் துணி சுருங்காது என்று யோசித்துப் போடவேண்டிய வேலை. பேட்ஜில் வருகிற விளக்கையும் புத்தகத்தையும் அவள்தான் பஞ்சிங் செய்திருந்தாள். விளக்கின் சுடரில் இரண்டு மஞ்சள் சேர்த்தது அவள் யோசனை. அந்தப் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதா? ஹாஸ்டல் சோறு, ஷிப்ட் வேலை, வாரம் ஒரு போன். சமையலறையில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது. கைருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி நசீம் வீட்டுக்குப் போனாள். வெளியே காற்று. ஆனி ஆடியில் மலை இடைவெளி வழியாக வரும் காற்று இந்த வருஷம் வைகாசியிலேயே தொடங்கிவிட்டது. தென்னை மரங்களெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றன.

அவள் பின்னாலேயே அன்சிலாவும் வந்துவிட்டாள். கூப்பிடாமலே வந்தாள்.

ஷமீனா வரவேற்றாள், நசீம் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவில்லை. கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டதற்கு ஷமீனா சங்கடத்தோடு சிரித்தாள். வெளிப்பெட்டியைப் பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர்காரனுக்குப் போட்டாகிவிட்டது. போர்டு, ஒரு பழைய நைட்டியில் சுற்றிப் பரணில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் அரிசிப் பானைக்குப் பின்னால். கார்டு அலமாரியில், குர்ஆனுக்குக் கீழ்த் தட்டில், மரியாதையாக. கரண்டு கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டியைக் கேட்டபோதுதான் ஷமீனா முகம் மாறியது.

"அதுலதானுங்க மச்சி முட்டைப் பொட்டிக்கு ஃபேன் ஓடுது. குஞ்சு பொரிக்கற நேரமுங்க. காத்து நின்னா எல்லாம் வெந்து போயிரும்."

தெர்மோகோல் பெட்டி ஒன்றில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. முட்டைகள் வரிசையாக இருந்தன. பவர் சப்ளை அந்தப் பெட்டியின் தலையில் குந்தியிருந்து ஒரு சின்ன ஃபேனை ஓட்டிக்கொண்டிருந்தது. கைருன்னிசா பெட்டிக்கு முன்னால் நின்றாள். அவளுக்குக் கெஞ்ச வராது, நின்றால் போகவும் மாட்டாள். ஷமீனா கொஞ்ச நேரம் முட்டையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அண்ணன் மனைவியான மச்சியைப் பார்த்தாள். பிறகு சுவிட்சை அணைத்துப் பவர் சப்ளையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பனைவிசிறியை எடுத்து முட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீச ஆரம்பித்தாள். பொழுது சாயும்வரை வீசுவதாகச் சொன்னாள்.

எல்லாவற்றையும் ஒரு ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு அம்மாவும் மகளும் வந்தார்கள். மஜீது கூடையைப் பார்த்தார். ஒரு கம்ப்யூட்டர் இப்படி மீன் வாங்கி வருகிற மாதிரி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் போர்வையை விலக்கினார். மேஜைமேல் செய்தித்தாளை விரித்துப் போர்டை வைத்தார். அப்போதுதான் கைருன்னிசாவின் போன் அடித்தது. நசீம்.

"மச்சி, அண்ணன எதையுந் தொட வேண்டாமுன்னு சொல்லுங்க. நாஞ் சொல்றபடி செய்யட்டும்."

அவன் சொன்னது போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. மஜீதுக்கு இரண்டும் கேட்டிருக்கும். ஆனாலும் கேட்காதவர் மாதிரி மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் சொன்னாள். அவர், சரி என்று சொல் என்றார். அவள் போனில் சரி என்றாள். இப்படித்தான் அன்றைக்கு வேலை தொடங்கியது.

முதலில் ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் போர்டில் கை வைக்க வேண்டுமாம். உடம்பில் இருக்கிற கரண்டு போர்டுக்கு ஆகாது. மஜீது ஜன்னல் கம்பியைத் தொட்டார். அன்சிலாவும் தொட்டாள். மெமரியைச் செருகச் சொன்னான் நசீம். அதன் காலெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அன்சிலா பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து, பல் தேய்க்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்து, ஊதி, இரண்டு ஓரமும் சொடுக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். கார்டை நீள ஸ்லாட்டில் நேராக இறக்கினாள். ஹார்ட் டிஸ்குக்குப் போகிற பட்டை ஒயரில் ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும். அந்த ஓரம் போர்டில் ஒன்று என்று போட்ட பக்கத்துக்கு வரவேண்டும். மஜீதுக்குக் கண்ணாடி போட்டும் அந்த ஒன்று தெரியவில்லை. அன்சிலா போன் வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டினாள். அவள் நெற்றியில் வியர்வை வழிந்து மூக்கில் நின்றது, துடைக்கக்கூட இல்லை. பிள்ளை இங்கேயே இருக்க எவ்வளவு ஆசைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டாள் கைருன்னிசா.

நடு நடுவே கரண்டு போய்ப் போய் வந்தது. காற்றில் எங்கேயோ மட்டை விழுந்து கம்பியில் மாட்டியிருக்கும். போர்டுக்குக் கரண்டு கொடுக்காத வரைக்கும் குழப்பமில்லை என்றான் நசீம். அதை அவள் சொன்னாள். எனக்குத் தெரியாதா என்று கேள் என்றார் மஜீது. அதை மட்டும் அவள் சொல்லவில்லை. அண்ணனுக்கு அது சரிதானாம் என்று போனில் சொன்னாள். பேச்சைச் சுமக்கிறவர்கள் வழியில் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டுப் போவதில் தப்பில்லை.

மத்தியானத்துக்கு மேல் பவர் சப்ளைக்கு வந்தார்கள். இப்போதைய கம்ப்யூட்டரில் ஒரே பிளக், ஒரே மாதிரிதான் ஏறும். பழைய போர்டு அப்படியல்ல. ஒரே அளவில் இரண்டு பிளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் ஏறவேண்டும். இடம் மாறினாலும் ஏறிவிடும். ஏறி, சுவிட்சைப் போட்ட மறுவிநாடி போர்டு கருகிவிடும். அடையாளம் ஒன்றுதான்.

"ரெண்டு பிளக்குலயும் ஒரு ஓரத்துல கறுப்பு ஒயரு இருக்குமுங்க மச்சி. கறுப்பும் கறுப்பும் நடுவுல ஒட்டினாப்பல வரோணும். வெளியோரத்துக்குக் கறுப்பு போகவே கூடாது."

மஜீது பவர் சப்ளையின் ஒயர்களைத் தூக்கிப் பார்த்தார். கோழி கொத்துமோ எலி கடிக்குமோ என்று நசீம் ஒயர்களையெல்லாம் பெட்டியிலிருந்து பிளக்கின் கழுத்துவரை கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தான்.

"எல்லாமே கறுப்பாத்தான் இருக்குதுன்னு சொல்லு அவங்கிட்ட."

அவள் சொன்னாள். மஜீது பிளேடால் டேப்பை உரிக்கப் பார்த்தார். பல்புச் சூட்டில் பல நாள் வெந்த ஒயர், டேப்போடு சேர்ந்து தோலும் உரிந்து வந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. அன்சிலா தன் அத்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். உரித்தால் ஒயரும் இல்லை, விட்டால் நிறமும் இல்லை.

போனில் நசீம் சொன்னான்: "அப்ப பாத்தாத்தான் தெரியுமுங்க மச்சி. பாக்காம நான் சொல்ல முடியாது."

கைருன்னிசா அதைக் கணவரிடம் சொன்னாள். அவர் இரண்டு கையிலும் இரண்டு பிளக்கை வைத்துக்கொண்டு, ஒன்றை இங்கே வைத்துப் பார்த்தார், மாற்றி வைத்துப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார், வந்தார். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மி சொல்லி ஏற்றிவிடலாமா என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்றார். கைருன்னிசா போர்டுக்கு மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படி மறித்ததில்லை. மேற்கே வெயில் சரிந்து, சுவரின் நிழல் கொல்லையில் நீண்டது. நஞ்சப்பன் எந்த நேரமும் வருவார்.

"கூப்புடுங்க," என்றாள். "கூப்புட்டா உங்க வாயி ஒண்ணும் தேஞ்சு போகாது. உங்க புள்ள திங்கக்கெழம வேன் ஏறுவா. அதப் பாத்துட்டு இந்தப் பிளக்க நெஞ்சுல வெச்சுட்டுப் படுத்துக்குவீங்களா?"

மஜீது அவளைப் பார்த்தார். பிளக்குகளை விடாமல், பவர் சப்ளையையே தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். காற்றில் அவர் வேட்டி படபடத்தது. சுவருக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கமும் யாரோ செருமியது கேட்டது.

"டேய் நசீமே. கறுப்பு எங்கடா இருக்குது?"

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் சுவருக்குக் கிட்டே வந்தது.

"என்னயக் கூப்புட்டீங்களாண்ணே?"

மஜீது சுவரைப் பார்த்தபடி நின்றார். கைருன்னிசா அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். சொல்லித் தொலையுங்கள் என்று அவள் மனசு கூவியது.

"ஆமா," என்றார். "வா."

பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி வர நசீமுக்குப் பொறுமை இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறிச் சுவரில் தெரிந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் குதித்தான். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

உள்ளே வந்து நசீம் பிளக்குகளை வாங்கினான். ஒயரை அவன் பார்க்கவே இல்லை. பிளக்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினான். ஓரிடத்தில் நகம் நின்றது. அடுத்ததிலும் அப்படியே. டேப் சுற்றுவதற்கு முன்னால், கறுப்பு இருந்த பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறான். கைருன்னிசா அதைப் பார்த்துவிட்டாள். நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தால் மத்தியானமே போனில் முடிந்திருக்க வேண்டிய சமாசாரம். நசீமும் அவள் பார்த்ததைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா கூப்புட்டிருக்க மாட்டாருங்க மச்சி," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க என் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டாயே என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. விட்டுவிட்டாள்.

இரண்டு பிளக்கும் ஏறின. சுவிட்சைப் போடுங்கண்ணே என்றான். மஜீது போட்டார். ஃபேன் சுற்றியது, சுற்றிய வேகத்தில் கோழி இறகு ஒன்று பறந்து வந்து அவர் தாடியில் ஒட்டியது. ஒரே ஒரு தடவை பீப் என்றது. அது நல்ல சத்தம் என்றான் நசீம். மஜீது வாங்கிவந்த புதுக் கம்ப்யூட்டரின் திரையில் எழுத்து வந்து நின்றது. உள்ளே இருக்கிற பேட்டரி செத்துப்போனதால் அதற்கு எந்த வருஷம் என்றே தெரியவில்லை. அன்சிலா தேதியைச் சரியாக்கினாள். பிறகு மெஷின் முனகியது, ஊசிகள் ஒரு தடவை தூக்கி இறங்கின, துணியில் மஞ்சள் நூல் ஓடத் தொடங்கியது. படபடவென்ற அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. கைருன்னிசா முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

நஞ்சப்பன் வந்து முதல் பேட்ஜை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுடர் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். துணிக் கட்டுகளை இறக்கச் சொல்லி ஆளுக்குப் போன் போட்டார். ஷமீனாவும் ஒரு கையில் விசிறியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முட்டை நினைவு வந்து ஓடினாள். அண்ணனும் தம்பியும் நூல் இழுப்பு அதிகமா குறைவா என்று அதற்குள் சண்டை போடத் தொடங்கியிருந்தார்கள். நேராகவே போட்டுக்கொண்டார்கள், நடுவில் ஆள் இல்லாமல்.

கைருன்னிசா கொள்ளுப் பருப்பை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். எல்லோருக்கும் சேர்த்துச் சோறு வடிக்க வேண்டும். அன்சிலா வந்து அம்மிக்குப் பக்கத்தில் நின்றாள். நகக்கண்ணெல்லாம் அழுக்கு.

"இனி வேன்காரங்கிட்ட வேண்டாமுன்னு சொல்லிப்போடலாம் கண்ணு," என்றாள் கைருன்னிசா.

அன்சிலா பூண்டை எடுத்து உரித்தாள். உரித்ததைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அம்மா, நான் போறேன்."

"எங்கெ?"

"திருப்பூருக்கு. திங்கக்கெழம, ஆனந்தியோட. அங்க புது மெஷின் இருக்குது, பெரிய டிசைன் எல்லாம் பஞ்சிங் பண்ணலாமாம். நான் ரொம்ப நாளா நெனச்சுட்டுத்தான் இருந்தேன். மெஷின் நின்னு கெடக்கறப்ப எப்படிப் போறதுன்னு இருந்துச்சு. இப்ப ஓடுது. சின்னத்தாவும் வந்துட்டாங்க. அத்தாக்குத் தொணை ஆச்சு."

கைருன்னிசாவின் கை கரண்டியோடு நின்றது. காலையிலிருந்து கூப்பிடாமலே பின்னால் வந்ததும், ரப்பரால் தேய்த்ததும், வியர்வையைத் துடைக்காமல் வெளிச்சம் பிடித்ததும் இதற்காகவா? தான் இவ்வளவு அலைந்தது மகள் இருப்பதற்காக. மகள் இவ்வளவு உழைத்தது மனம் உறுத்தாமல் போவதற்காக. எங்கேயாவது உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போலிருந்தது. உன்னைக் கேட்காமல் நான் ஏன் ஓடினேன் என்று தன்னையே திட்டிக்கொள்ளத் தோன்றியது. போகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பிள்ளை நின்றுவிடும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அடுப்பைக் குறைத்தாள்.

"ஹாஸ்டல்ல கொள்ளு போட மாட்டாங்க," என்றாள்.

"அத்தாகிட்ட நீ சொல்லும்மா."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மஜீது ஏதோ சொன்னதற்கு நசீம் சிரிப்பது கேட்டது.

"காலையிலிருந்து ஆளாளுக்குப் பேச்சத் தூக்கிச் சொமந்து எனக்குக் கழுத்து நோகுது," என்றாள் கைருன்னிசா. "இத நீயே போயிச் சொல்லு. அவரு கத்துனா நான் பின்னால நிக்கறேன்."

அன்சிலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கைருன்னிசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.